நட்சத்திரக் குறி

அன்புள்ள சுமதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை.

வருண் இப்போது படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரை மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவரைக் கோபிக்காதே. நீயாகச் சொல்வாய் என்று மூன்று ஞாயிறு காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் வருண் தூங்குகிறான் என்றாய். இங்கே காலை ஏழரை என்றால் அங்கே சனிக்கிழமை இரவு ஏழு. பதினாறு வயதுப் பையன் அந்நேரத்துக்கா தூங்குவான்? சரி, விடு.

கலிபோர்னியா கல்வித் துறையின் தளத்தில் தேடினேன். முப்பது வருடம் ரிசல்ட் பட்டியல் பார்த்த கண் சும்மா இருக்குமா? பள்ளி எப்படி நடக்கிறது என்று காட்டச் சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து வண்ணம் போடுகிறார்கள். ஆனால் 30 மாணவருக்குக் குறைந்தால் வண்ணமே கிடையாது. 11 பேருக்குக் குறைந்தால் எண்ணும் இல்லை. தேர்வுப் பட்டியலில் வெறும் நட்சத்திரக் குறி. எந்தப் பிள்ளை என்று வெளியே தெரியக் கூடாதாம். நல்ல ஏற்பாடுதான். என் பேரன் அந்த நட்சத்திரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டானே.

சின்னப் பள்ளியில் ஒரே வருடக் கணக்கை நம்பாதே. பன்னிரண்டு பேர் எழுதும் இடத்தில் ஒருவன் தவறினாலே எட்டு சதவீதம் இறங்கும். மூன்று நான்கு வருடத்தைச் சேர்த்துப் பார். அது மாற்று சார்ட்டர் பள்ளி, அதாவது அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்துகிற, பின்தங்கிய பிள்ளைகளுக்கான பள்ளி என்பதால் பட்டம் பெறுகிறவர் சதவீதம் குறைவாகத்தான் தெரியும். வேறெங்கோ பின்தங்கி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்த பிள்ளை நான்கு வருடத்துக்குள் முடிக்காவிட்டால், நாலாண்டுக் கணக்கில் அந்தக் குறை இந்தப் பள்ளியின் தலையில்தான் விழும்.

பாடத்தைப் பார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர, அவர்கள் 'ஏ-ஜி' என்று பிரித்து வைத்திருக்கும் பாடங்களில் 15 வேண்டும், 'சி' கிரேடுக்குக் குறையாமல். அவன் எடுக்கிற கணக்கு அந்தப் பள்ளியின் ஏ-ஜி பட்டியலில் இருக்கிறதா? இயற்பியலில் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்தவள் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆனாலும் பார். பத்து சதவீத நாட்களோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளையும் எண்ணிப் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் கிடக்கட்டும், வருண் போகிறானா?

அப்புறம், நேரில் போய் ஒன்று கேள். ஒன்பதாவதில் சேர்ந்தவர்களில் கடைசிவரை இருந்தவர்கள் எத்தனை பேர், நடுவில் போனவர்கள் எங்கே போனார்கள்? அதற்குத் தலைமை ஆசிரியர் நெளிந்தால் அங்கே வேண்டாம்.

நானும் நெளிந்தவன்தான். நூறு சதவீதத் தேர்ச்சிக்கு எனக்கு மாலை போட்ட படம் ஹாலில் இன்னும் தொங்குகிறது. ஒன்பதாவது முடிவில் ஏழு பேருக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு வாங்கிய நூறு அது. வீட்டில் ஆறு பேர் என்று சொன்னேன். ஏழாவது ஆள் உன் தம்பி. படிக்க மாட்டேன் என்று அவனாகவே நின்றதாக உன்னிடமும் அம்மாவிடமும் சொன்னேன். நீ ஹாஸ்டலில் இருந்தாய். "இன்னொரு வருஷம் ஒன்பதிலேயே உட்கார்றேன்ப்பா" என்று கேட்டான். தலைமை ஆசிரியர் மகன் ஃபெயில் என்று ஊர் பேசுமே என்று கையெழுத்துப் போட்டேன். அவன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வருவதும் அவன்தான். அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது.

வரும் ஞாயிறு வருணை எழுப்பிவிடு. மார்க் கேட்க மாட்டேன்.

அப்பா

கணக்குப் பாடத்தை மறக்காமல் பார். மாப்பிள்ளையைத் திட்டாதே.