வீரன் முகத்தைத் திருப்பினால்

கம்பம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செல்விக்கு,

போனில் நீ கேட்டதற்குப் பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. கட்டிப்பிடித்தால் உன் நாய் வீரன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், கொட்டாவி விடுகிறான், என்னைப் பிடிக்கவில்லையோ என்று வருத்தப்பட்டாய். உன்னைப் பிடிக்காமல் இல்லை தாயி. அந்தக் கட்டிப்பிடிதான் பிடிக்கவில்லை.

கழுத்தைச் சுற்றிக் கை விழுந்தால், விலகிப்போக வழி அடைபட்டது என்றுதான் நாய்க்குத் தெரியும். ஒன்றுக்கொன்று பாசமாக இருக்கும் நாய்கள் பக்கவாட்டில் வந்து உரசும், முகரும், வாயோரம் நக்கும். அதிலும் வீரன் கோம்பை நாய். காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்து வந்த இனம். வீட்டு ஆளுக்காக உயிரையும் விடும், ஆனால் மேலே விழுந்து கொஞ்சுவதை லாப்ரடார் போலப் பொறுத்துக்கொள்ளாது.

தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, எதிரில் தின்ன ஒன்றும் இல்லாமலே மூக்கை நக்குவது, காது பின்னால் படிவது, கண்ணோரம் வெள்ளை தெரிவது, இதெல்லாம் "கொஞ்சம் விடு" என்று அவன் கேட்பது. இதைக் கவனிக்காவிட்டால் உடம்பை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்பான். சுகமாக நிற்கிறான் என்று பலர் ஏமாறுவது இங்கேதான். அடுத்தது உறுமல். உறுமினால் அடிக்கவோ அதட்டவோ கூடாது, கையை எடுத்துவிடு. உறுமக் கூடாது என்று பழகிய நாய் அடுத்த முறை சொல்லாமலே கடித்துவிடும்.

தடவுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அவனுக்கு நேர் எதிரே குனியாமல், பக்கவாட்டாகத் தரையில் உட்கார். கூப்பிடு, அவனாக வரட்டும். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகாதே. மேலிருந்து வரும் கை மிரட்டும். நெஞ்சில், தாடைக்குக் கீழே, தோளில், முடி போகும் திசையிலேயே மெதுவாக நீளத் தடவு. தட்டித் தட்டிக் கொடுத்தால் அடங்க மாட்டான், துள்ளத்தான் செய்வான். 3 விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள். சாய்ந்தாலோ, மூக்கால் கையை முட்டினாலோ, முன்னங்காலால் தொட்டாலோ இன்னும் வேண்டும் என்று அர்த்தம். உடம்பை உதறிவிட்டு நகர்ந்தால் போதும் என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் இப்படிக் கேட்டுக் கேட்டே தடவு. நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாய் என்று தெரிந்த பிறகு அவனே மடியைத் தேடி வருவான். வாலையும் பார்த்துக்கொள். பிடித்த ஆளைக் கண்டால் நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாக ஆடுகிறது என்று 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். வால் ஆடுகிறது என்பதற்காகச் சந்தோஷம் என்று முடிவு கட்டாதே. இடுப்போடு சேர்த்துத் தளர்வாக ஆட வேண்டும். விறைத்து மேலே நிற்கும் வாலின் நுனி மட்டும் துடித்தால் தள்ளி இரு.

பாசம் சோற்றுக்காகத்தான் என்று உன் தோழி சொன்னாளாமே, அது சரியில்லை. கொல்கத்தாவில் உள்ள ஐசர் என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தார் 2017-இல் தெருநாய்களிடம் பார்த்தார்கள்: பழக்கமில்லாத ஆள் திரும்பத் திரும்ப வந்தபோது, தீனி கொடுத்தவரைவிடத் தடவிக் கொடுத்தவரையே அவை அதிகம் நம்பின. ஜப்பானில் 2015-இல் வந்த ஆய்வில், நாயும் வளர்ப்பவரும் நிதானமாகக் கண்ணைப் பார்த்துக்கொண்டபோது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடாசின் கூடியது. தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் நடுவில் வேலை செய்கிற அதே சுரப்பு. வீரனாக உன் முகத்தைப் பார்க்கும்போது நீயும் இமையைத் தளர்த்திப் பார். அவன் தலையைப் பிடித்துத் திருப்பி உற்றுப் பார்க்காதே, அதைச் சண்டைக்கு இழுப்பதாக எடுத்துக்கொள்வான்.

பேச்சைப் பற்றியும் கேட்டாய். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்டில் நாய்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, குரல்களைக் கேட்க வைத்தார்கள். பாராட்டுச் சொல்லும் பாராட்டுத் தொனியும் சேர்ந்து வந்தபோதுதான் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி நன்றாக வேலை செய்தது. ஆகவே "சபாஷ்டா" என்று ஒரே சொல்லை வைத்துக்கொள், அதை எப்போதும் மனசாரச் சொல். நல்லது செய்த 1 விநாடிக்குள் சொன்னால்தான் எதற்குச் சொன்னாய் என்று புரியும். பழக்குவது 5 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், நாளைக்கு இரண்டு தடவை. வேகவைத்த கோழித் துண்டு கொண்டைக்கடலையில் பாதி அளவு போதும். கொச்சியில் உன் அறைத்தோழிகள் மலையாளத்தில் "இரி" என்று உட்காரச் சொல்கிறார்கள், நீ "இரு" என்று நிற்கச் சொல்கிறாய். பாவம், அவன் எதைச் செய்வான்? கையசைவு ஒன்றைச் சேர்த்து, எல்லோரும் அதையே காட்டுங்கள்.

செருப்பைக் கடித்துவிட்டுத் "தப்பு செய்த முகத்தோடு" நிற்கிறான் என்றாயே, அது குற்ற உணர்ச்சி இல்லை. 2009-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வாளர் சோதித்தபோது, தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அதே முகத்தைத்தான் காட்டியது. உன் கோபத்தைப் பார்த்துப் பயப்படுகிறான், அவ்வளவுதான். வேலை அழுத்தத்தை நீ வீட்டுக்குக் கொண்டுபோனால் அதுவும் அவனைத் தொடும்.

ராத்திரி ஷிப்ட் இருந்தால், நீ ஒருநாள் உடுத்திய துவைக்காத சுடிதாரை அவன் படுக்கையில் போட்டுவிட்டுப் போ. பழகிய மனுஷர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அவர் வாசனைக்கு நாயின் மூளை மகிழ்கிறது. இதையும் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

நன்றாகத் தடவ விட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று ஒதுங்கினால் கோபம் என்று நினைக்காதே, வலியைத் தேடு. கொச்சி ஈரத்தில் காதுக்குள் சீழ் பிடிக்கும். காது மடல், கால் விரலிடுக்கு, வாலடியில் உண்ணி இருக்கிறதா என்று பார். ஈறு வெளுத்திருந்தால், சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டு.

நக்குவதும் பாசம்தான். ஆனாலும் கீறலிலும் வாயிலும் நக்க விடாதே. ரேபிஸ் ஊசியை வருஷம் தவறாமல் போட்டுவிடு. தெருநாய் உன் புண்ணில் நக்கிவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

பொங்கலுக்கு அவனையும் கூட்டி வா. குமுளி இறக்கத்தில் வாந்தி எடுப்பான், புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடு, தண்ணீர் மட்டும் கொடு. அக்கா பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளப் பார்ப்பார்கள். அவர்களிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன்: திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவன் வந்து முகர்ந்த பிறகு ஒவ்வொருவராக நெஞ்சை மட்டும் தடவ வேண்டும். படுக்கையில் போட்ட அந்தச் சுடிதாரைத் துவைக்காமல் எடுத்து வா, புது இடத்தில் அவனுக்குத் தேவைப்படும்.

அன்புடன்,
அப்பா