‘குறைந்த அபாயம்’ என்று எழுதியவர்களுக்கு

வெள்ளத் தடுப்புச் சிற்றணைகளுக்கு அபாய வகை தீர்மானிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். கோப்பில் ‘குறைந்த அபாயம்’ என்று எழுதுகிறீர்கள். அணை உடைந்தாலும் கீழே உயிர்ச்சேதம் இராது, வயலும் வண்டிப்பாதையும்தான் பாழாகும் என்பது உங்கள் கணக்கு. அணைக்குக் கீழே குடியிருக்கிறவர் அதை ‘இந்த அணை உடையாது’ என்று படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார். நேற்றுக் கட்டிய குறையற்ற அணைகூட ‘அதிக அபாயம்’ ஆகலாம், விரிசல் விட்ட கரை ‘குறைந்த அபாயம்’ என்றே கிடக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. வகையோடு கரையின் நிலைமையையும் பக்கத்திலேயே எழுதி வெளியிடுங்கள்.

வெள்ளத் தடுப்பு அணைக்கு இன்னொரு சங்கடம். ஆண்டில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும். புல் முளைத்த மேடு என்றே பலரும் நினைப்பார்கள். வெள்ளம் குறைந்துவிட்டது என்ற தைரியத்தில் கீழே மனை விற்கும், வீடு எழும்பும், பள்ளிக்கூடம் வரும். கரையில் ஒரு கூடை மண்ணும் மாறியிருக்காது, அபாய வகை மட்டும் மாறிவிட்டிருக்கும். காகிதத்தில் பழைய வகையே நீடிக்கும்.

ஏன் நீடிக்கிறது என்பதும் தெரிந்ததுதான். வகை உயர்ந்தால் தாங்க வேண்டிய வெள்ளத்தின் அளவும் உயரும். நூறாண்டு வெள்ளத்துக்குக் கட்டிய கலிங்கு, அதாவது மிகைநீர் வழிந்தோடும் வாய், வரக்கூடிய உச்ச வெள்ளத்துக்குப் போதாது. அகலப்படுத்தப் பணம் வேண்டும். பணம் இல்லை, அதனால் வகையும் உயர்வதில்லை! நூறாண்டு வெள்ளம் நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்றும் இல்லை. ஆண்டுக்கு 1 விழுக்காடு வாய்ப்பு என்றால், 50 ஆண்டில் ஒருமுறையாவது வர ஏறத்தாழ 40 விழுக்காடு வாய்ப்பு.

சிறிய அணைதானே என்பீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை ஏறத்தாழ 12 மீட்டர் உயரம்தான். 1977 நவம்பர் 6 பின்னிரவில் உடைந்து 39 பேரைக் கொன்றது. மகாராஷ்டிரத்தின் திவரே மண் அணை 2019 ஜூலை 2 இரவில் உடைந்து, கீழே இருந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. நண்டு துளைத்ததால் உடைந்தது என்று அப்போது ஓர் அமைச்சர் சொல்லக் கேட்டுச் சிரித்தார்கள். உயிரினங்கள் குடையும் வளைகள் மண்கரைக்கு உண்மையிலேயே ஆபத்துதான். அதைக் கண்டுபிடித்து அடைப்பதற்குத்தானே ஆய்வு?

அடுத்த ஆய்வுக்கு வரும்போது கரை உச்சியில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கீழ்ச்சரிவில் இறங்குங்கள். வடிகுழாய் வெளியே வரும் இடத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். அங்கே கசியும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை ஒப்பிடலாம். அடியில் வண்டல் படிந்தால் குழாயை ஒட்டிக் கரையின் உள்மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். அதற்கு அடுத்த ஆண்டு வரை தவணை கிடையாது. கரையில் மரம் வளர்ந்திருந்தால் நிழலுக்கு ஆசைப்பட வேண்டாம். அது பட்டுப்போனால் வேர் மக்கி, நீருக்கு வழி திறந்துவிடும். பெரும்பாலும் காய்ந்தே இருக்கும் கரையில் இந்தக் குறையெல்லாம் தண்ணீர் நிரம்பும் நாளில்தான் தெரியவரும், அதாவது வெள்ளத்தன்று.

எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். கீழே புதிய கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதெல்லாம் வகையை மறுபரிசீலனை செய்யுங்கள். உடைப்பெடுத்தால் நீர் எங்கே, எத்தனை நிமிடத்தில் வரும் என்ற வரைபடத்தை அலமாரியில் பூட்டாமல் எங்கள் கையில் கொடுங்கள். வகையைத் திருத்தி எழுதுவதற்கு முன் ஓர் இரவு கீழ்ப்பகுதிக்கு வந்து, விளக்கு எரியும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். நான் சொன்ன இரண்டு அணைகளும் இரவில்தான் உடைந்தன.

இப்படிக்கு,
அணைக்குக் கீழே குடியிருக்கும் ஒருவர்