தோற்ற வருடங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வீராங்கனை வருவதென்றால் பதக்கத்தோடு ஒரு படம், கீழே நாலு வரி, அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவர் எத்தனை வருடம் தோற்றார் என்று ஒருவரும் எழுதுவதில்லை.

ஸ்கொட்லாந்தின் ஈவ் மியூர்ஹெட்டைப் பாருங்கள். அவருடைய விளையாட்டு கர்லிங். திருகோணமலையில் நாங்கள் ஐஸைப் பார்ப்பதே மீன் பெட்டிக்குள்தான், ஆனால் கரம் விளையாடுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: ஏறத்தாழ 19 கிலோ கருங்கல்லை ஐஸ் தளத்தில் வழுக்கவிட்டு, இரண்டு பேர் அதற்கு முன்னால் தளத்தைத் தேய்த்துக்கொண்டே ஓட, தூரத்து வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும், எதிரணிக் கல்லை இடித்தும் தள்ளலாம். ஈவ் நான்கு தடவை கனிஷ்ட உலகச் சம்பியன், 19 வயதிலேயே 2010 ஒலிம்பிக்கில் அணித்தலைவி, 2013இல் உலகச் சம்பியன், 2014இல் ஒலிம்பிக் வெண்கலம். அப்புறம்தான் விஷயமே இருக்கிறது.

2018இல் பியோங்சாங்கில் ஜப்பானோடு வெண்கலத்துக்கான ஆட்டம், கடைசிக் கல் அவர் கையில். ஆட்டத்தைச் சமப்படுத்தி மேலதிகச் சுற்றுக்குப் போக வழி இருந்தும் வெற்றிக்கே விட்டார், பிழைத்துவிட்டது, 5-3 என்று தோல்வி. அதே வருடம் இடுப்பில் சத்திரசிகிச்சை. 2021 உலகப் போட்டியிலும் சறுக்கி, பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கான இடம் தகுதிகாண் போட்டியில்தான் கிடைத்தது. 2022 பெப்ரவரியில் அதே ஜப்பானை இறுதியாட்டத்தில் 10-3 என்று அடித்துத் தங்கம் எடுத்தார்! அந்த மாரிகால ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. 2014இல் அவருக்குப் பயிற்சி கொடுத்த ரோனா மார்ட்டினும் சும்மா ஆளில்லை, 2002இல் தங்கம் வென்றபோது இரண்டு பிள்ளைகளின் தாய்.

எங்கள் பிள்ளைகள் மாகாண மட்டத்தில் ஒரு தடவை தோற்றால் போதும், "இனிப் படிப்பைப் பார்" என்று சப்பாத்தைக் கட்டி மேலே போட்டுவிடுவார்கள், கலியாணம் முடிந்தால் கேட்கவே வேண்டாம். பெற்றோரை மட்டும் குறை சொல்லவும் மனமில்லை. தோற்ற பிறகும் விளையாடலாம் என்று அவர்கள் எங்கே வாசித்தார்கள்?

அடுத்த முறை உங்கள் நிருபர் மக்கெய்சர் மைதானத்துக்கு வந்தால், முதலாமிடத்தைப் படம் எடுத்த கையோடு பஸ் ஏறாமல், நாலாவதாக வந்த பிள்ளையையும் தேடிப் பிடித்து, அடுத்த வருடம் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டு, பெயரோடு போடட்டும்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை