சைக்கிள்ல வந்த பெயிண்டர் அண்ணாவுக்கு

வியாசர்பாடியில எங்க தெரு பசங்களும் அக்காங்களும் சேர்ந்து ஏழு மாசமா வரைஞ்ச சுவர் ஓவியம் நேத்து முடிஞ்சுது, ஆனா மனசு பூரா நீங்கதான்ணா இருக்கீங்க. ஐப்பசி மழையில சுவத்துல உப்பு பூத்து பாதி படம் செதில் செதிலா உரிஞ்சு நின்னப்ப எல்லாரும் விட்டுடலாம்னுதான் நினைச்சோம்.

சைக்கிள்ல போய்ட்டிருந்த நீங்க இறங்கி சுவத்தை தடவிப் பார்த்துட்டு, "ஈரத்துமேல எவ்ளோ அடிச்சாலும் நிக்காதும்மா"ன்னு சொன்னீங்க. நாங்க எதுவும் கேக்கல. மறுநாள்லேருந்து மூணு நாள், வேலைக்குப் போறதுக்கு முன்னாடி விடியக்காலைலயே வந்து சுரண்டி, உப்புத்தாள் போட்டு தேச்சு, வெயில்ல நல்லா காய்ஞ்சப்புறம் திரும்ப வந்து ப்ரைமரும் அடிச்சுக் கொடுத்தீங்க. காசு வாங்கல, பேரும் சொல்லல.

அதுக்கப்புறம் ஒரு இடம்கூட உரியலண்ணா. வலது ஓரத்துல ஒரு சின்ன சைக்கிள் வரைஞ்சிருக்கோம், அது உங்களோடது, ஒரு தடவ வந்து பாருங்கண்ணா.