கேலிப் படத்தின் அசல் பாடல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கற்பனைக் கதையை ஆவணப்படம் போலவே எடுத்துச் சிரிக்கவைக்கும் போலி ஆவணப்படங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைச் சுவைத்துப் படித்தேன். ஆனால் 'எ மைட்டி விண்ட்' (2003) படத்தின் பாடல்கள் பழைய மெட்டுக்குக் கேலி வரி போட்டவை என்ற பொருள்பட அதில் எழுதியிருப்பது சரியல்ல.

கிறிஸ்டோபர் கெஸ்ட் இயக்கிய அந்தப் படத்தில், 1960களில் கொடிகட்டிப் பறந்ததாகக் காட்டப்படும் மூன்று அமெரிக்க நாட்டுப்பாடல் குழுக்கள், தங்களை வளர்த்துவிட்டவர் மறைந்ததையொட்டி, நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில் மீண்டும் மேடையேறுகின்றன. குழுக்கள்தான் கற்பனை, பாடல்கள் படத்துக்கென்றே புனைந்து மெட்டமைக்கப்பட்டவை, அவற்றில் பலவற்றை எழுதியவர்கள் நடிகர்களே. வசனத்தைப் பெரும்பாலும் படப்பிடிப்பில் அவர்களே இட்டுக்கட்டிப் பேசினார்கள் என்றாலும், மூன்று குரல் இணைந்து ஒலிக்க வேண்டிய பாட்டை அப்படிச் சமாளிக்க முடியாது. படத்தில் நடித்த கேத்தரின் ஓஹாரா இதற்காக ஆட்டோஹார்ப் என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கவே கற்றுக்கொண்டார்.

ஊர் ஊராக அலைந்த கதையைப் பாடுவது அந்த நாட்டுப்பாடல் மரபின் வழக்கம். இந்தப் படத்தின் 'நெவர் டிட் நோ வாண்டரின்' பாடலிலோ, தாம் ஒருநாளும் எங்கும் அலைந்ததில்லை என்பதை அதே உருக்கத்தோடு, முகத்தில் துளியும் சிரிப்பில்லாமல் பாடுகிறார்கள். 'ஓல்ட் ஜோஸ் பிளேஸ்' ஓர் உணவகத்தின் புகழ் பாடுவது. அதன் பெயர்ப்பலகையில் சில எழுத்துகள் போய்விட்டதால், எஞ்சிய எழுத்துகளை மட்டும் உள்ளபடியே உச்சரித்து, சுருதி பிசகாமல் பாடுகிறார்கள். சுருதி பிசகியிருந்தால் அந்த நகைச்சுவையே எடுபட்டிருக்காது. மொழி தெரியாத ஒருவர் கேட்டால் நல்ல பாட்டு என்றே தலையாட்டுவார்.

படத்தில் நடித்த மைக்கேல் மெக்கீனும் அவர் மனைவி ஆனெட் ஓடூலும் எழுதிய 'எ கிஸ் அட் தி எண்ட் ஆஃப் தி ரெயின்போ' பாடலில் கேலி என்று சுட்ட எதுவுமே இல்லை. ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அந்தக் காதல் பாட்டை, படத்தில் அதைப் பாடும் இணையாக நடித்த யூஜின் லெவியும் ஓஹாராவும் 2004 விருது விழா மேடையில் தம் கதாபாத்திரங்களாகவே நின்று பாடினார்கள். விருது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பாடலுக்குப் போனது வேறு விஷயம். தலைப்புப் பாடலுக்கோ கிராமி விருதே கிடைத்தது. இத்தனைக்கும் அந்தத் தலைப்பில் ஒளிந்திருக்கும் சிலேடை, நாளிதழில் விளக்கத் தக்கதல்ல.

இயக்குநரை இரு பத்திகளில் பாராட்டிய கட்டுரையில், மெக்கீன், ஓடூல் ஆகியோரின் பெயர்களுக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்