ஐந்து முறை ஒர்க்‌ஷாப் போன புது கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தம்பி கடன் போட்டு எடுத்த புது கார் மூன்றே மாதத்தில் ஐந்து முறை ஒர்க்‌ஷாப் போய்விட்டது. சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும். பின்னால் லாரி ஹாரன் அடிக்க, குழந்தைகள் மிரண்டு அழுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் தரும் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் ஒவ்வொரு முறையும் 'சரிசெய்யப்பட்டது' என்றே எழுதித் தருகிறார்கள். தவணை மட்டும் நிற்கவில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். ஆனால் அது உற்பத்திக் குறைபாடுதான் என்று நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் தலையில் விழுகிறது. அமெரிக்க மாநிலங்களில் உள்ள 'லெமன்' சட்டம் போல, இத்தனை முறை பழுதானால் வண்டியை மாற்றித் தர வேண்டும் என்ற தனிச் சட்டத்தை மத்திய அரசு உடனே கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்