காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. திருத்திய விடைத்தாள்கள் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே உங்கள் கையெழுத்துக்கு வரும். வட்டாரப் போட்டிகளில் கோ-கோ, சதுரங்கம் இரண்டிலும் பரிசு கிடைத்திருக்கிறது. ஆசிரியர் தின விழாவும் அறிவியல் கண்காட்சியும் வழக்கம்போல் சிறப்பாக நடந்தன. உழைத்த பிள்ளைகளுக்கும் துணை நின்ற உங்களுக்கும் பாராட்டுகள்.

மீதிக் கடிதம் தண்ணீரைப் பற்றியது. இன்னும் நேராகச் சொன்னால், மாலை மூன்றே காலுக்கு உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் பற்றியது. தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

விடுதி இல்லாத பள்ளியில் ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். 640 பிள்ளைகளுக்கு அது 28,800 லிட்டர். நமக்கு இது மூன்று வழியில் வருகிறது. காலையில் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) குழாய்த் தண்ணீர் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், இறங்குகிறது. குடிக்கவும் சத்துணவுக்கும் அதுதான். கழிப்பறைக்கும் செடிகளுக்கும் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய இந்த மாதங்களில் போர் பாதி நேரம் காற்றைத்தான் இழுக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டுவது 9,000 லிட்டர் லாரி.

லாரி உள்ளே வர இடமில்லை. சம்ப்பின் வாய் கிழக்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. லாரி வெளியே சுவரோரம் நின்று, ஹோஸை உள்ளே விட்டு, மோட்டார் இல்லாமல் தன் எடையிலேயே தண்ணீரை இறக்க வேண்டும். ஹோஸின் நீளம் ஏறக்குறைய 20 அடி. சுவரோரம் மஞ்சள் கோடு போட்ட இடத்தில் ஒரே ஒரு கார் நின்றாலும் லாரி தள்ளி நிற்கும், ஹோஸ் எட்டாது. இழுத்துப் பிடித்தால் இணைப்புக் கிளாம்ப் நழுவித் தெருவில் கொட்டும். தண்ணீர் இறங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. டிரைவருக்கு அடுத்த நடை காத்திருக்கிறது. அவர் ஹாரன் அடித்துப் பார்ப்பார், வாட்ச்மேன் அண்ணன் வண்டிக்காரரைத் தேடி ஓடுவார், ஆள் கிடைக்காவிட்டால் லாரி கிளம்பிவிடும். இந்தப் பருவத்தில் இது ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்திருக்கிறது. “லாரியைக் காலையில் வரச் சொல்லலாமே” என்று சிலர் கேட்கிறார்கள். லாரிக்காரர்கள் பதிவு வரிசைப்படி நடை போடுகிறார்கள். மணி குறிப்பது நம் கையில் இல்லை.

லாரி திரும்பிப் போனால் மறுநாள் நடப்பது இது. சம்ப்பில் மட்டம் ஃபுட் வால்வுக்கு (மோட்டார் தண்ணீர் இழுக்கும் குழாயின் அடிமுனை) கீழே இறங்குகிறது. மோட்டார் காற்றை இழுத்து, தண்ணீரில்லாமல் சுற்றிச் சூடாகி, சீல் தேய்ந்து, கவனிக்காமல் விட்டால் அதன் கம்பிச் சுருளும் (காயில்) எரிந்து போகிறது. அடியில் படிந்த வண்டல் கலங்கி, குழாயில் பழுப்புத் தண்ணீர் வருகிறது. இதெல்லாம் பணத்தால் சரியாகும் சேதம். சரியாகாதது வேறு. மாடிக் கழிப்பறைகளில் வாளி வைக்க வேண்டிய நாட்களில் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் அங்கே போகாமல் இருக்க, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். உங்கள் மகளின் பாட்டில் சாயங்காலம் கழுத்து வரை நிறைந்தே திரும்பி வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஆகவே தயவு தாட்சண்யம் இல்லாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் முதல், பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை மஞ்சள் கோட்டுக்குள் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. “ரெண்டே நிமிஷம் சார்” என்பதும் இதில் சேர்த்திதான். வண்டிக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதும் விலக்கு ஆகாது. மீறி நிற்கும் வண்டியின் எண் அன்றே குறிக்கப்படும். அந்தப் பெற்றோர் மறுநாள் காலை என்னை அலுவலகத்தில் பார்த்த பிறகே பிள்ளை வகுப்புக்குப் போகும் என்றுகூட ஒரு யோசனை வந்தது. பிள்ளையைத் தண்டிப்பதில் நியாயமில்லை என்பதால் அதை விட்டுவிட்டோம். பெற்றோர் மட்டும் வந்தால் போதும். ஆனால் வர வேண்டும்.

வண்டி நிறுத்துவதில் கவனிக்க வேண்டிய இரண்டாவது இடம் கேட்டுக்கு உட்புறம். அங்கே தரையோடு தரையாக ஓட்டை போட்ட சிமென்ட் ஸ்லாப்புகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சாக்கடை அல்ல, மழைநீர் வாய்க்கால்: இரண்டடி அகலம், மூன்றடி ஆழம். முற்றத்தில் விழும் மழை ரோட்டுக்கு ஓடாமல் இதில் விழுந்து, வண்டல் தொட்டியில் மண்ணை விட்டு, வலை வழியாக உறைகிணற்றுக்குப் போகிறது. கிணற்றில் நாம் ஜல்லி நிரப்பவில்லை. 2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசரத்தில் ஜல்லியும் மணலும் கொட்டி மூடப்பட்ட குழிகள் ஏராளம். இரண்டு மழைக்காலத்தில் இடைவெளியெல்லாம் சேறு அடைத்துவிடும், பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை. காலியாக விட்ட உறையில் ஆள் இறங்கித் தூர் வார முடியும். நம் பகுதி களிமண். அதனால் களிமண் அடுக்கைத் தாண்டி மணல் வரும் வரை உறை இறக்கப்பட்டிருக்கிறது.

அந்த ஸ்லாப் பைக் தாங்கும், கார் தாங்காது. ஒரு பக்கச் சக்கரம் விளிம்பில் ஏறினாலே மூலையில் விரிசல் விடும். இப்போது மூன்று ஸ்லாப்புகளில் விரிசல் இருக்கிறது. பிள்ளைகள் ஓடும் வழி அது. இன்னொன்று, நிற்கும் வண்டியிலிருந்து சொட்டும் இன்ஜின் ஆயில். முதல் மழையில் அது அப்படியே வாய்க்காலுக்குள் போகும், அங்கிருந்து கிணற்றுக்கு, அங்கிருந்து நிலத்தடி நீருக்கு. அதைத்தான் நம் போரும் பக்கத்துத் தெருப் போர்களும் இழுக்கின்றன. சிப்ஸ் உறைகளை ஓட்டைக்குள் திணிப்பது பிள்ளைகளின் கைவரிசை; அவர்களிடம் பேசிவிட்டோம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகள் அளந்ததில் நம் மொட்டை மாடி 700 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் 35,000 லிட்டர். ஆவியும் சிதறலும் போக ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும் 28,000. அதாவது மூன்று லாரிக்கு மேல், கிட்டத்தட்ட முழுப் பள்ளியின் ஒரு நாள் தேவை. ஐப்பசியில் சென்னைக்கு அப்படி ஒரு நாள் வருவது அதிசயமில்லை. அந்த நாளில் வாய்க்கால் அடைத்துக் கிடந்தால் முற்றத்து மழை முழுவதும் தெருவுக்குத்தான் போகும்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டதும், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பின் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் வந்தது. நெம்மேலியில் இரண்டாவது கடல்நீர் ஆலையும் 2024-ல் திறக்கப்பட்டது. நிலைமை அன்றுபோல் இல்லை. இருந்தாலும் கடல்நீரைக் குடிநீராக்க மின்சாரம் ஏராளமாகச் செலவாகிறது. மாடியில் விழும் மழைக்கு அந்தச் செலவு கிடையாது.

விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாய்க்காலைத் திறந்து தூர் வாருகிறோம், விரிசல் விட்ட ஸ்லாப்புகளையும் மாற்றுகிறோம். கடப்பாரை, மண்வெட்டி, சாக்கு பள்ளியில் இருக்கின்றன. வர முடிந்த பெற்றோர் பழைய உடையில், செருப்புக்குப் பதில் ஷூ போட்டு வாருங்கள். உறைக்குள் இறங்கும் வேலை அதற்கென்று வரும் ஆட்களுடையது. வேறு யாரும் மூடியைத் திறக்க வேண்டாம். பிள்ளைகளை அன்று அழைத்து வர வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு சின்ன வேலை கொடுத்திருக்கிறோம். ஃப்ளஷ் டேங்கில் சில துளி சொட்டு நீலம் விட்டு, பதினைந்து நிமிடம் யாரும் அமுக்காமல் இருக்க வேண்டும். கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் டேங்கின் ரப்பர் வாஷர் கசிகிறது. குழாய் நூலாக ஒழுகினால் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்து நேரம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 720 லிட்டர் போகிறது என்று கணக்கு. தெருக் குழாயில் உடைப்போ, தண்ணீரில் வாடையோ இருந்தால் மெட்ரோ வாட்டரின் 1916 எண்ணில் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பின் தெருவில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருகிறீர்கள். வேன் டிரைவர்கள் தாங்களாகவே பேசி வரிசை வைத்துக்கொண்டார்கள். லாரி வந்த ஒரு மாலையில் தன் ஆட்டோவை நகர்த்தியதோடு நிற்காமல் மற்ற வண்டிகளையும் ஒதுக்கிவிட்ட தாத்தா ஒருவருக்கு அலுவலகமே நன்றி சொல்லியது. உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. விடுமுறையைப் பிள்ளைகளோடு மகிழ்ச்சியாகக் கழியுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: பள்ளி திறக்கும்போது மழை தொடங்கியிருக்கக்கூடும். ரெயின்கோட்டின் உட்பக்கம் பெயரும் வகுப்பும் எழுதி அனுப்புங்கள். போன வருடத்தின் ஒன்பது நீல ரெயின்கோட்டுகள் இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கின்றன.